வழிமொழிகிறவர் காரணம் சொல்ல வேண்டும்

வெள்ளவத்தை ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு நின்றபோதுதான் செய்தி வந்தது. "ஐசே, கொட்டாஞ்சேனைச் சவரிமுத்து முடிஞ்சாராம். நேற்று அடக்கமும் நடந்திட்டுதாம்" என்றார் எங்கள் கிளாக்கர் சங்கத் தலைவர் கந்தையா. "உண்மையோ? ஆர் சொன்னது?" என்று கேட்டேன். செத்த மனிதர் விஷயத்திலும் எனக்குச் சந்தேகம்தான் முந்திக்கொண்டது.

சங்கத்து நண்பர்களே, அவரை உங்களுக்குத் தெரியும். மாதக் கூட்டங்களில் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பார். யார் பேச எழுந்தாலும் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்துப் பென்சிலால் ஏதோ எழுதுவார். என்ன எழுதுகிறீர் என்று ஒருநாள் கேட்டேன். "பேசின ஆள் கேட்டால் காட்டுவேன். நீர் எங்கே பேசினீர்?" என்றார். பேசியவர்களோ கௌரவம் பார்த்துக் கேட்கவேயில்லை.

அவர் சொன்னது சரி. கூட்டத்தில் நான் பேசியது ஒரே ஒரு சொல்: "வழிமொழிகிறேன்." முன் வாங்கின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அரைவாசி எழுந்து, சொல்லிவிட்டு உடனே வாங்கில் இருந்துவிடுவேன். சமறியில், ஒரே வாடகை வீட்டில், என்னோடு குடியிருந்த கிளாக்கர்மார் எனக்கு 'வழிமொழியார்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

ஒரு கூட்டத்தில் எங்கள் அலுவலகத் துரையைத் தாக்கி, கிளாக்கர் இராசையா பேசினார். அடுத்த கிழமையே அவரைத் திருகோணமலைக்கு மாற்றிவிட்டார்கள். யார் போய்ச் சொன்னது? எல்லாருக்கும் அந்தக் கொப்பிதான் ஞாபகம் வந்தது. சவரிமுத்து துரையின் அறையிலிருந்து வெளியே வந்ததை இரண்டு பேர் கண்டிருந்தார்கள். வேலையாகவும் போயிருக்கலாம். அதை யார் யோசித்தோம்!

அடுத்த கூட்டத்தில் அவரைச் சங்கத்திலிருந்து நீக்கும் தீர்மானம் வந்தது. நான் வழக்கம்போல அரைவாசி எழுந்து வழிமொழிந்துவிட்டுத் திரும்ப வாங்கில் இருக்கப் போனேன். கடைசி வாங்கிலிருந்து அவருடைய குரல் வந்தது.

"தலைவர் அவர்களே, வழிமொழிகிறவர் காரணம் சொல்ல வேணும்."

கந்தையா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "ஓம், இருக்குது. சொல்லும் ஐசே."

என்னை வெட்கப்படுத்தத்தான் இந்த ஆள் இப்படிச் செய்கிறார் என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாங்கை விட்டேன். கொப்பி, துரையின் அறை, இராசையாவின் பெண்சாதி பிள்ளைகள் என்று ஒன்றுவிடாமல் பேசினேன். நான் பேசப் பேச அவர் எழுதிக்கொண்டேயிருந்தார். கை தட்டினார்கள், பிறகு தீர்மானத்துக்குக் கை உயர்த்தினார்கள். அவர் எழுந்து வந்து கொப்பியை என் கையில் வைத்தார்.

"இன்றைக்குப் பேசினீர். இனிக் கொப்பியைப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

திறந்து பார்த்தேன். 'இராசையா: "ஆகவே" என்று பதினொரு தரம் சொன்னார்.' 'கந்தையா: பேச்சை நிறுத்த மணியடிக்கப் பயப்படுகிறார்.' என் பெயருக்குக் கீழே பக்கம் முழுவதும் ஒரே வரி: 'வழிமொழிந்தார். வாங்கை விடவில்லை.' கடைசியில் அன்றைய வரி: 'வாங்கை விட்டார். குரல் கடைசி வாங்குவரை கேட்டது.'

கோள் எழுத வேறொரு கொப்பி இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லாவிட்டால் அவர் முகத்தில் எப்படி முழிப்பது? கோள் சொன்னது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரில்லை என்று சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் அன்று நான் அடுக்கிய காரணங்களில் ஒன்றுக்கும் சாட்சி இருக்கவில்லை. நினைத்தால் வெட்கமாயிருக்கிறது.

அவரைத் திரும்பச் சேர்க்க யாராவது முன்மொழிந்தால் நான் வழிமொழியலாம் என்று மூன்று வருடம் காத்திருந்தேன். இத்தனைக்கும் அதற்குப் பிறகு எத்தனை கூட்டங்களில் பேசினேன்! அதை மட்டும் முன்மொழிய எனக்கு வாய் வரவில்லை. அந்த மனிதர் தினமும் என் மேசையைக் கடந்துதான் போனார்.

கொப்பி என்னிடம் இருக்கிறது. வருகிற கூட்டத்தில் அனுதாபத் தீர்மானம் வரும். எல்லாரும் எழுந்து மௌனமாய் நிற்போம். அதற்கு முன் ஒன்று. சவரிமுத்துவை நீக்கிய தீர்மானத்தை இந்தச் சங்கம் ரத்துச் செய்ய வேண்டும் என்று நான் முன்மொழிவேன், வாங்கைப் பிடிக்காமல். வழிமொழிய ஒருவர் வேண்டும். அவரும் காரணம் சொல்ல வேண்டும்.