ஸ்னூஸ் போட்ட டைம்கீப்பர்

ஜன்னல் கம்பியில் சாய்ந்த ஒரு வழுக்கைத் தலை, லேசாகத் திறந்த வாய். தொண்ணூறுகளில் கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வரும் காலை ரயிலில் நான் முறைத்துக்கொண்டே வந்தது அந்தத் தலையைத்தான். அவர் எங்கள் தொழிற்சாலையில் யார் எப்போது வந்தார்கள் என்று குறித்துவைக்கும் டைம்கீப்பர். சங்கம் அமைப்பது பற்றி நாங்கள் ரயிலில்தான் பேசுவோம். உள்ளே போனால் வாய் திறக்க முடியாது. ஆனால் பேசியதெல்லாம் மேனேஜர் காதுக்குப் போனது. இரண்டு பேருக்கு வேலை போயிற்று. அடுத்தது நான்தான் என்று எனக்குத் தெரியும்.

"இன்னா சார், நல்ல தூக்கமா?" என்று குத்தலாகக் கேட்பேன்.

"தூக்கம் இல்லப்பா. சும்னே ஒரு ஸ்னூஸ்." சும்மா என்பதை அவர் கன்னடத்தில்தான் சொல்வார்.

என் மனைவியின் தம்பியும் அதே தொழிற்சாலைதான். பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கடிப்பான்: "பெருசு கண்ணத்தான் மூடிக்கிது மாமா, காத மூடல."

அவர் சொன்ன அந்த 'ஸ்னூஸ்' என்ற சொல்லையும் நான் விடவில்லை. அகராதிகளைப் புரட்டினேன். லேசான தூக்கம், குறிப்பாகப் பகலில். கொச்சைச் சொல். இங்கிலாந்தில் திருடர்களும் நாடோடிகளும் தமக்குள் பேசிய கள்ளப் பேச்சிலிருந்து வந்ததாம். அதற்கு முன் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. குறட்டைச் சத்தத்திலிருந்து பிறந்திருக்கலாம் என்று ஓர் ஊகம், அவ்வளவுதான். பிறப்பே தெரியாத திருட்டுச் சொல். ஆளுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

ஒருநாள் எங்கள் இருக்கைகளில் மூவர் மட்டும். வேண்டுமென்றே ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். "நாளைக்கு ஒருத்தனும் மெஷின் மேல கை வெக்க மாட்டான்டா." மைத்துனன் தலையாட்டினான். ஜன்னலோரத் தலை அசையவில்லை. கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி நெரிசலில் நடந்தோம்.

கார்டு அடித்த கொஞ்ச நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டார். "நாளைக்கு மெஷின் நிக்குமாமே?" அன்றே வேலை போயிற்று. பையை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தபோது, டைம்கீப்பர் அப்போதுதான் வியர்க்க விறுவிறுக்க உள்ளே ஓடி வந்தார்.

"அசந்துட்டேன்ப்பா. கன்டோன்மென்டுல எறங்காம சிட்டி ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டேன். யாராவது எழுப்பக் கூடாதா?"

அடுத்த மாதம் மைத்துனன் சூப்பர்வைசர் ஆனான்.

மனைவியிடம் நான் சொல்லவில்லை. அவளுக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். இப்போது விவேக் நகரில் எங்களுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு வருவான். "அப்புறம் மாமா, இன்னா விசேஷம்?" என்பான். நான் மழையைப் பற்றிப் பேசுவேன்.