நொட்டாங்கையால் சாப்பிட்ட சிப்பாய்

அருங்காட்சியகத்தில் வெள்ளைக்காரர் காலத்துப் படங்களை வாரம் ஒன்றாகக் காட்டுகிறார்கள். நேற்றும் போனேன். நேற்றும் உட்கார முடியாமல் பாதியில் எழுந்து வந்து வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். உள்ளே ஓடியது யுத்தத்துக்கு ஆள் சேர்க்க எடுத்த படம். அதை ஊர் ஊராகக் காட்டியவன் நான்.

பி.ஏ. முடித்ததும் சர்க்கார் பிரசார வண்டியில் வேலை கிடைத்தது. படம் இங்கிலீஷில் பேசும். நான் திரைக்குப் பக்கத்தில் நின்று மைக்கில் தமிழில் சொல்ல வேண்டும். மலேயாவில் எடுத்த படம் அது. மலேயா ஜப்பான்காரன் கையில் விழுந்து மாதங்கள் ஆகியிருந்ததால், இடத்தின் பேரை விட்டுவிடச் சொன்னார் மேலதிகாரி. "இதோ, இன்று கடல் கடந்த முகாமில் நம் பையன்கள்" என்றேன். அந்த 'இன்று' நானாகச் சேர்த்தது.

மம்சாபுரத்தில் களத்துமேட்டில் திரை கட்டியிருந்தோம். சிப்பாய்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் காட்சி வந்தது. அதில் ஒருவன் மட்டும் இடது கையால் சாப்பிட்டபோது ஒருத்தி எழுந்து கத்தினாள்.

"ஏலே, அங்க போயுமா நொட்டாங்கையால திங்க!"

"சீமைக்கே போனாலும் ஒம் மகனுக்குப் புத்தி மாறலையே, அத்தை" என்றான் ஒருவன். கூட்டம் சிரித்தது. அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

மூத்தவனிடமிருந்து வெகுநாளாகக் கடிதம் இல்லை, அதனால்தான் இளையவனைப் பட்டாளத்துக்கு விடாமல் வைத்திருக்கிறாள் என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள்.

படம் முடிந்ததும் என்னிடம் வந்தாள். "ஐயா, இது எப்பப் புடிச்சது?"

ஆள் எடுக்கும் ஹவில்தார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பத்தாம்மா" என்றேன்.

அந்த வாரமே இளையவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயில் ஏறினான். அண்ணனைத் தேடிப்பிடித்துக் கூடவே இரு என்று சொல்லி அவளே அனுப்பிவைத்தாள்.

மழைக்காலம் கழிந்து ஒருநாள் ராஜபாளையத்தில் எங்கள் ஆபீசுக்கு வந்தாள். நடந்தே வந்திருந்தாள்.

"சின்னவன் செத்துட்டான்னு தந்தி வந்திருக்கு. எனக்கு நம்பிக்கையில்ல. அந்தப் படத்த இன்னொருக்க போடுங்கய்யா. பெரியவன் பக்கத்துல சின்னவனும் உக்காந்திருக்கானான்னு பாத்துட்டுப் போறேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "வண்டி மதுரைக்குப் போயிருக்கும்மா" என்றேன்.

"அப்ப வாரது வரைக்கும் இருக்கேன்" என்று வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

வண்டி ஆபீசுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நின்றது. நான் கொல்லைப்பக்கமாகப் போய், அதைச் சந்து வழியே சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போகும்படி டிரைவரிடம் சொன்னேன். நானும் ஒரு கை கொடுத்தேன்.