மே மாதம் நடந்த பள்ளிக்கூடம்

முதல் நாள் கிரேஸ் டீச்சர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "பிள்ளைங்களை அதட்டாம சோறு போடுவியாப்பா?" நான் தலையை ஆட்டினேன். எனக்கு அதட்ட வராது. பேசவே வராது. வேலை கிடைத்துவிட்டது.

பென்னலூர் பக்கம் ஒரு செங்கல் சூளை. அதன் ஓரத்தில் ஓலைக் கொட்டகை. அதுதான் பள்ளிக்கூடம். சாமுவேல் சாரும் அவர் மனைவி கிரேஸ் டீச்சரும் காஞ்சிபுரத்தில் பார்த்த வேலையை விட்டு வந்து, சூளை ஆட்களின் பிள்ளைகளுக்காக நடத்தினார்கள். அறுபதுகளின் கடைசி. நான் அங்கே சமையல். பள்ளி ஐந்தாவது வரைதான்; நானும் ஐந்தாவதோடு நின்றவன்.

பிள்ளைகள் விடியலில் கல் திருப்பிவிட்டு வருவார்கள். பச்சைக் கல் ஒரு பக்கம் காய்ந்ததும் புரட்டி வைக்கிற வேலை அது. சூளை மேஸ்திரி கோவிந்தன் வேலியோரம் நின்று கிண்டல் செய்வார்.

"இன்னா சார், இதுங்கல்லாம் கலெக்டர் ஆயிட்டா கல்லு யாரு திருப்புறது?"

"நீதான் கீறியே கோவிந்தா. கை ரெண்டும் நல்லாத்தானே கீது?" என்பார் சார், மேஸ்திரியின் பேச்சிலேயே.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பிள்ளை தன் பெயரைப் பிழையில்லாமல் எழுதிய அன்று, ஒரு அலுமினியத் தட்டும் ஆணியும் கொடுப்போம். தட்டின் அடியில் தன் பெயரைத் தானே கீறிக்கொள்ள வேண்டும். மழைக்குச் சூளை நின்றதும் குடும்பங்கள் லாரியில் விழுப்புரம் பக்கம் ஊருக்குப் போய்விடும். தட்டுகளும் கூடப் போகும். தை பிறந்ததும் திரும்பி வரும். அதனால் எங்கள் பள்ளிக்கு லீவு மழைக்காலத்தில். ஊரெல்லாம் மூடியிருக்கும் மே மாத வெயிலில் எங்கள் கொட்டகையில் வாய்ப்பாடு கேட்கும்.

இன்ஸ்பெக்‌ஷன்

பள்ளிக்கு அங்கீகாரம் கேட்டு சார் எழுதிப் போட்டிருந்தார். செல்வி என்ற பெண் அடுத்த ஜூனில் ஆறாவது சேர வேண்டியவள். அங்கீகாரம் இல்லாவிட்டால் எங்கள் டி.சி. செல்லாது.

அதிகாரி வந்தது ஐப்பசியில். நல்ல மழை. சார் சிலேட்டுகளுக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தார். நான் கூரைமேல் ஓலை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"பசங்க எங்கய்யா?"

"ஊருக்குப் போயிருக்காங்க சார். தை மாசம் வந்துடுவாங்க."

"இது ஸ்கூலா, சீசன் கடையா?"

"மே மாசம் வந்து பாருங்க சார். உட்கார இடம் இருக்காது."

"மே மாசம் எவன்யா ஸ்கூல் பாக்க வருவான்?"

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அங்கீகாரம் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்ப எழுதியும் வேறு பதில் வரவில்லை.

ஆறாம் வகுப்பு

இருந்தும் ஜூனில் சார் செல்வியை ஸ்ரீபெரும்புதூர் உயர்நிலைப் பள்ளிக்கு அழைத்துப் போனார். நானும் போனேன். அங்கே ஹெட்மாஸ்டர் ஒரு புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். செல்வி நிறுத்தாமல் வாசித்தாள்.

"நல்லா படிக்குது சார். ஆனா இந்த டி.சி.யை நான் வாங்கினா என்னைக் கேப்பாங்க" என்றார் அவர். நல்ல மனிதர். சாரின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

திரும்பும்போது சூளைப் புகை தெரிந்ததும் செல்வி கேட்டாள்:

"சார், மழையே பெய்யாத ஊர்ல நம்ம ஸ்கூல் இருந்தா செல்லும்தானே?"

சார் தள்ளிக்கொண்டு வந்த சைக்கிளை நிறுத்திவிட்டு வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அவள் முழு நேரமும் கல் திருப்பினாள். தட்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். "வேற யாருக்காச்சும் குடுண்ணா." அடியில் அவள் பெயர் இருந்தது. அதை யாருக்குக் கொடுப்பது?

கிரேஸ் டீச்சர் அந்தத் தட்டை அடுக்கிலேயே வைக்கச் சொன்னார். மதியம் அதில் சோறு போட்டு நான் கல் காயும் களத்துக்கு எடுத்துப்போவேன். மண் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு சாப்பிடுவாள். நான் சும்மா நிற்பேன். ஒருநாள் தலை நிமிராமல் கேட்டாள்:

"இன்னிக்கி இன்னா பாடம்ண்ணா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த நாளிலிருந்து உலை வைத்துக்கொண்டே காதைக் கொட்டகைப் பக்கம் வைத்தேன். கேட்டதைக் களத்தில் திக்கித் திக்கிச் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பேசியது அப்போதுதான்.

மழை வந்தது. லாரி ஏறும்போது தட்டை அவளிடமே கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். அடுத்த தையில் எல்லாத் தட்டுகளும் வந்தன. அவளுடையது வரவில்லை. வேறு சூளைக்குப் போய்விட்டார்கள் என்றார் கோவிந்தன். அன்று அவர் கிண்டல் செய்யவில்லை. இன்னும் சில வருஷம் நடத்தினோம். சார் இறந்ததும் பள்ளியும் நின்றது.

இப்போது ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்க்கிறேன். மூன்று ஷிஃப்ட். ஆள் எந்த நேரம் வருகிறதோ அந்த நேரம் அடுப்பு எரியும். ஏன் இந்த நேரத்தில் சமைக்கிறாய் என்று எந்த அதிகாரியும் கேட்டதில்லை. நான் கற்ற பாடம் இதுதான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்கிறேன்: ஆள் இருக்கிற நேரம்தான் வேலை நேரம். சாரும் டீச்சரும் செய்தது அதைத்தான்.

தட்டு கழுவுகிற இடத்தில் நின்றால், இப்போதும் ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடியைப் பார்த்துவிட்டுத்தான் அடுக்குகிறேன்.