பலகையில் இருந்த குடை

புது ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி மூன்று நாளாகக் கூடத்தில் நிற்கிறது. அதன் பக்கவாட்டில் கறுப்பு மையில் ஒரு குடைப் படம். நனையக் கூடாது என்பதற்கான அடையாளம். "இந்தப் பொட்டிய வச்சிக்கினு இன்னாங்க பண்ணப் போறீங்க? வூட்ல நடக்க எடம் இல்ல" என்கிறாள் மனைவி. அவளுக்கு என்ன தெரியும்! அந்தக் குடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் இந்தக் குன்றத்தூர் வீடு மெல்லக் கரைந்துபோகிறது. எழுபதுகளில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நாங்கள் படித்த கல்லூரியின் மண் மைதானம் எழுந்து வருகிறது. சாயங்கால வெயிலில் மிதக்கும் செம்புழுதி, அதற்குள் பந்தோடு எழும்பும் எங்கள் கூடைப்பந்து கேப்டன்.

நாங்கள் கடைசி வருஷம் படித்தபோது பெய்த மழையில், கூடை வளையங்கள் மாட்டியிருந்த பழைய பலகைகள் இரண்டும் உளுத்து விழுந்துவிட்டன. மாமா வேலை பார்த்த தொழிற்சாலையில் இயந்திரம் வந்திறங்கிய மரப்பெட்டியைக் கெஞ்சி வாங்கி, மாட்டுவண்டியில் ஏற்றி வந்து, இரண்டு முனையிலும் ஆணியடித்தவன் நான்தான். ஆட்டத்தில் நான் வெறும் உப்புக்குச் சப்பாணி. இந்தப் பெருமையாவது இருக்கட்டுமே! இரண்டு பலகையிலும் வளையத்துக்கு ஒரு சாண் மேலே, நட்ட நடுவில், பெட்டியின் இரு பக்கமும் அச்சடித்திருந்த குடை வந்து அமைந்துவிட்டது. விளையாட்டு ஆசிரியர் ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்டைக் கையில் கொடுத்து, "நாளைக்கே அடிச்சிடுடா" என்றார். ஆனால் கேப்டன் அதற்குள் குடையைக் குறிவைக்கப் பழகியிருந்தான். குடையில் பட்ட பந்து வளையத்துக்குள்தான் விழுந்தது. எங்கள் மைதானத்துக்கு வந்த நான்கு கல்லூரிகளும் தோற்றுத் திரும்பின. ஜெயிக்கிற பலகையில் எவனாவது கை வைப்பானா? டப்பா என் விடுதிக் கட்டிலுக்கு அடியில் திறக்கப்படாமலே கிடந்தது.

இறுதி ஆட்டம் பட்டணத்தில். ஒரு கம்பெனி தன் அணிக்கு ஆளெடுத்து வேலையும் கொடுக்க, அன்றைக்கு அதிகாரி ஒருவரை அனுப்பியிருந்தது. கேப்டன் வல்லக்கோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பஸ் ஏறும்போது அவனுடைய அப்பா, "ஜெயிச்சா கம்பெனிக்குப் போ. தோத்தா கழனிக்கு வந்துடு" என்றார். அங்கே போய்ப் பார்த்தால் சிமெண்ட் தரை, ஒரு கறுப்புக் கட்டத்தைத் தவிர வேறெதுவும் இல்லாத வெள்ளைப் பலகை. "டேய், குடை எங்கடா கீது?" என்று சிரித்தான் கேப்டன். எங்களில் யாரும் சிரிக்கவில்லை. எறிந்த பந்தெல்லாம் எங்கெங்கோ போனது. எப்படியோ தம் கட்டி ஒரு புள்ளி பின்தங்கிக் கடைசி நொடிக்கு வந்தோம். எதிரணிக்காரன் ஒருவன் இடித்துத் தள்ளியதில் அவனுக்கு இரண்டு தனி எறிகள் கிடைத்தன. இரண்டும் விழுந்தால் வெற்றி. முதலாவது தவறியது. இரண்டாவது விழுந்தால் சமன், ஆட்டம் நீளும். அதற்கு முன் அவன் கண்களை மூடிக்கொண்டான். குடையைத்தான் தேடுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. பந்து வளையத்தின் விளிம்பில் ஏறி, மெதுவாக, மிக மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே விழுந்தது. கூட்டத்தின் கூச்சல் என் காதில் ஏறவே இல்லை.

பரீட்சை முடிந்ததும் அவன் கழனிக்குப் போனான். பந்தைப் பிடிக்கவே தெரியாத எனக்கு மாமாவின் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஒவ்வொரு மாதச் சம்பளத்தையும் குற்றவாளி மாதிரிதான் வாங்கினேன். பல வருஷம் கழித்து ஒரு கிருத்திகையன்று வல்லக்கோட்டை முருகன் கோயிலில் அவனைப் பார்த்ததும் அத்தனையையும் கொட்டிவிட்டேன். "பெயிண்ட் என்கிட்டதான்டா இருந்துச்சி. அடிச்சிருந்தா நீ வெள்ளப் பலகையில பழகியிருப்ப."

அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். "எனக்குத் தெரியும்டா. நீ கிளாஸுக்குப் போயிருந்தப்போ உன் ரூமுக்கு வந்து, அந்த டப்பாவ இன்னும் உள்ள தள்ளி வச்சதே நான்தான். குடை இல்லன்னா எனக்கு ஆட வராதுன்னு அப்பவே தெரிஞ்சிபோச்சி. பயந்துட்டேன்டா." அதைச் சொல்லும்போது அவன் முகம் அந்தக் கடைசி எறிக்கு முன் இருந்ததைப் போலவே இருந்தது.

மனைவி கடைக்குப் போயிருக்கிறாள். தோளில் கிடந்த துண்டைப் பந்தாகச் சுருட்டிக் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து எறிந்தேன். சரியாகக் குடையில் பட்டுக் கீழே விழுந்தது. வளையம்தான் இல்லை.