வாசலில் எலுமிச்சை

இன்று அக்காவோடு குற்றாலம் ரோட்டு நர்சரிக்குப் போனேன். என் புது வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு செடிக்குத்தான் இடம். எலுமிச்சையா, இட்லிப்பூவா என்று ஒரு வாரமாக யோசனை.

நர்சரி அண்ணாச்சி இட்லிப்பூவைத்தான் எடுத்து முன்னால் வைத்தார்.

"வருசம் பூரா பச்சையா நிக்கும்மா. வெட்டி விட்ட அளவுல அடங்கிக் கெடக்கும். ஒரு தொந்தரவும் கெடையாது."

எலுமிச்சை எப்படி என்று கேட்டேன்.

"காய்க்க வருசக்கணக்காவும். இலையைப் புழு திங்கும். காய்ச்சிட்டா, வண்டிக்கு வைக்கணும், திருஷ்டி கழிக்கணும்னு தெருவே வந்து கதவைத் தட்டும்."

அக்காவுக்கு அதைவிடப் பெரிய கவலை. "ஏட்டி, வாசல்ல முள்ளு ஆகாது. வீட்டுல சண்டை ஓயாது. புருசனை விட்டுட்டு தனியா வந்துட்டன்னு ஏற்கெனவே ஊரெல்லாம் பேசுது. இதுவும் வேணுமா?"

"அக்கா, அவரு வீட்டு வாசல்ல என்ன நின்னுச்சு?"

அக்கா மெதுவாக, "இட்லிப்பூ" என்றாள்.

"சண்டை ஓஞ்சுதா?"

அண்ணாச்சி ஒன்றும் கேட்காமல் எலுமிச்சைக் கன்றை எடுத்துக் கட்டைப்பையில் வைத்தார்.

சாயங்காலமே நட்டுவிட்டேன். நடும்போதே கையைக் கீறிவிட்டது. பரவாயில்லை, முள்ளை மறைத்து வைத்துக்கொண்டு கீறவில்லை.

ஒரே ஒரு சிக்கல். இந்த வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். முள்ளால் வரப்போகிற சண்டையை யாரோடு போடுவது? விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம். காய்த்த பிறகு சர்பத் உண்டு.