மார்ஜரி டீச்சர் ரோட்டைக் கடந்த கதை

மாத்தளையில் மார்ஜரி டீச்சர் தன் வீட்டு வாசலில் நின்று கையை ஆட்டினால், எதிரே மாதா கோயிலில் இருப்பவர்கள் பதிலுக்குக் கையாட்டுவார்கள். அவ்வளவு பக்கம். ஆனாலும் பூசைக்குப் போக அவருக்கு ஆட்டோ வேண்டும்.

நடுவில் கிடக்கும் ரோட்டை அகலமாக்கிய நாளிலிருந்து இந்தக் கூத்துதான். கண்டிக்கும் தம்புள்ளைக்கும் பறக்கிற வாகனங்கள் ஓய்வு பெற்ற ஒரு டீச்சருக்காக பிரேக் பிடிக்குமா? போன வருஷம் நடந்து பார்த்தவர் பாதியில் திரும்பி ஓடிவந்தார். ஒரு செருப்பு அங்கேயே போய்விட்டது. அதன்பிறகு ரபாயேலின் ஆட்டோதான். மேலே சுற்றுவட்டம் வரை போய்த் திரும்பி, கோயில் வாசலில் இறக்கிவிடுவான். பத்து நிமிஷம். டீச்சருக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

ரோட்டை நடந்து கடக்க மஞ்சள் கோடு போட்ட கடவை கேட்டு, ரோட்டு வேலை பார்க்கும் அரசாங்கக் கந்தோருக்கு மூன்று கடிதம் போட்டார். அந்த இடத்தில் யாரும் ரோட்டைக் கடப்பதில்லை என்று பதில் வந்தது. பின்னே, எப்படிக் கடப்பார்களாம்? நாலாவது கடிதத்துக்கு, கடப்பவர்களை எண்ணிப் பார்க்கவென்று ஷிரானி என்ற பெண்ணைக் கந்தோரிலிருந்து அனுப்பினார்கள். குடையும் கதிரையும் ஒரு தாளுமாக அவள் டீச்சர் வீட்டு மதிலோரம் உட்கார்ந்தாள். அந்த ஒரு நாளை விட்டால் கடவை கிடையாது.

டீச்சர் விடுவாரா? ஆட்டோவில் போனார், வந்தார், மறுபடி போனார். ஏழாம் தடவை வீட்டுப் பக்கம் வந்து இறங்கியதும் தாளை எட்டிப் பார்த்தார்.

"ஏழு தரம் போய் வந்துட்டேன் மகள். என்னைய எங்க எழுதியிருக்கீங்க?"

"வாகனத்துல, டீச்சர். போக ஏழு, வர ஏழு. பதினாலு ஆட்டோ."

"அப்ப?"

"வாகனம் கூடிருச்சுன்னு ரோட்டை இன்னும் அகலமாக்குவாங்க."

டீச்சருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ரபாயேல் சிரித்தான். அவர் முறைத்ததும் அடங்கிப்போனான்.

மத்தியானம் ஷிரானிக்குப் பசி எடுத்தது. சோத்துக்கடை எதிர்ப்பக்கம். ரோட்டில் ஒரு காலை வைத்தாள், எடுத்தாள். மறுபடி வைத்தாள். ஒரு பஸ் அவள் குடையைப் புரட்டிவிட்டுப் போனது. கால்மணி நேரம் கழித்துத் தலையைக் குனிந்துகொண்டு ஆட்டோவில் வந்து ஏறினாள். டீச்சரும் விடாமல் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

"இப்ப எங்க எழுதப் போறீங்க மகள்?"

சுற்றுவட்டத்தில் ஆட்டோ திரும்பியதும் ஷிரானி தாளை மடியில் விரித்தாள். பதினாலு ஆட்டோவையும் வெட்டினாள். காலையிலிருந்து காலியாகக் கிடந்த பாதசாரிகள் கட்டத்தில் பதினாறு என்று எழுதினாள்.

"நடக்க விட்டிருந்தா நடந்திருப்போம்தானே," என்றாள்.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்த பிறகுதான் இறங்கினார்.