டோல்கேட் கொட்டகையில் சாகாத ஜப்பான் நடிகர்

சென்ற சனிக்கிழமை பொன்னேரியிலிருந்து டோல்கேட் டெண்டுக் கொட்டகைக்குப் போய்வந்தேன். அமெரிக்கப் படங்களில் நடிக்கும் அந்த ஜப்பான் நடிகரின் முதல் பேசும் படம். அவருக்காக மட்டும் போகவில்லை, முனுசாமிக்காகவும்தான். ஊமைப் படங்களுக்குத் திரையோரம் நின்று கதை சொல்கிறவர் அவர். நான் தொண்டையார்ப்பேட்டையில் வாத்தியாராக இருந்த நாளிலிருந்து சிநேகிதர். படமே பேசும்போது முனுசாமி எதற்கு என்று கொட்டகை முதலாளி கேட்டுவிட்டாராம்.

மாலை ரயிலில் திருவொற்றியூர், சுமார் பதினைந்து மைல். அங்கிருந்து ஜட்கா, இரண்டணா.

"ஜப்பான்காரர் படமா வாத்தியாரே? குந்து. இன்னிக்கு அவரே பேசறாராமே!" என்றார் வண்டிக்காரர்.

"முனுசாமி என்ன செய்வார்?"

"ஹார்பர்ல மூட்டை தூக்கப் போறேன்னு சொல்லிக்கினு கீறாரு. அந்த ஒடம்புக்கு மூட்டைதான் அவரத் தூக்கணும்."

அந்த நடிகரை இருபது வருஷமாகப் பார்க்கிறேன். வில்லன், இளவரசர், ஒற்றர் என்று எத்தனையோ வேஷங்கள். இப்போது தலை நரைத்துவிட்டது. எந்த வேஷமானாலும் கடைசியில் செத்துப்போவார். கொட்டகைக்கு வரும் துறைமுகத்து ஆட்களுக்கு அது பொறுக்காது. மணலை வாரித் திரையில் எறிவார்கள். ஆகவே முனுசாமி அவரைச் சாகவிட்டதே இல்லை. "மயக்கம்தான், அடுத்த படத்துல வருவாரு பாரு" என்பார். அவரும் வந்துவிடுவார், பரீட்சையில் தவறிய பையன் லீவு முடிந்து அதே பெஞ்சில் வந்து உட்காருவதைப்போல.

அன்று முனுசாமி வாய் திறக்கக் கூடாதென்று உத்தரவு. என் பக்கத்தில் துண்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடிகர் இங்கிலீஷில் மெதுவாகப் பேசினார். கூட்டம் கொஞ்ச நேரம் அதிசயப்பட்டது, பிறகு நெளிந்தது. கடைசியில் துப்பாக்கி நிஜமாகவே வெடித்தது. அவர் விழுந்தார்.

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்: "ஐயோ, மெய்யாலுமே பூட்டாரா?"

"முனுசாமிண்ணே, இன்னா ஆச்சு? சொல்லு!"

கைகள் மணலை அள்ளத் தொடங்கின. முதலாளி ஓடிவந்தார். "யோவ், சொல்லித் தொலையேன்யா!"

முனுசாமி எழுந்தார். "சாவறதாவது! எத்தினி குண்டு பாத்தவரு! மயக்கம் நைனா, வெறும் மயக்கம்!"

கொட்டகையே கைதட்டியது. மணல் மணலிலேயே விழுந்தது. "நாளைக்கும் வந்துடு" என்று முதலாளி முனகிவிட்டுப் போனார்.

போகிறவர்கள் உட்காரப் பாய் கொண்டுபோங்கள். மணல் ஈரமாக இருக்கும். திரைக்கு இடப்பக்கம் உட்கார்ந்தால் முனுசாமியின் குரல் நன்றாகக் கேட்கும். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் தயவுசெய்து கடைசிக் காட்சியில் வாயைத் திறக்க வேண்டாம். ஜப்பான்காரர் செத்தால் முனுசாமி மூட்டை தூக்க வேண்டிவரும்.